வால்வு மாத்தின பிறகு ஏறாத ரெத்தம்: படுவான்கரைத் தாய் ஒருத்தரின்ட கேஸ்

இது எங்கட கிளினிக்குக்கு வந்த ஒரு தாயின்ட கதை. அவவின்ட சம்மதத்தோட எழுதுறன், ஆளை அடையாளம் காட்டுற விசயங்கள் ஒண்டும் போடேல்ல. நான் நேர்சிங் உத்தியோகத்தரா வேலை செய்யிறன், ஐஎன்ஆர் (ரெத்தம் உறையச் செல்லுற நேரத்தைக் காட்டுற நம்பர், கூடினா ரெத்தம் கசியும், குறைஞ்சா கட்டி பிடிக்கும்) கொப்பி பாக்கிறதும், ரெத்தக்கட்டி பிடிக்காம இருக்க வார்ஃபரின் குடிக்கிற ஆக்களோட கதைக்கிறதும்தான் என்ட நாளாந்த வேலை. மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் இதே மாதிரி வால்வு மாத்தின பொம்பிளைகள் கனபேர் இருக்காங்க, அவங்களுக்கும் அவங்கட வீட்டாக்களுக்கும் பிரயோசனப்படும் எண்டுதான் முழுசா எழுதுறன்.

பின்னணி

வயசு 36, நிறை 44 கிலோ, ரெண்டு பிள்ளை, புருசன் வயல் வேலை. சின்ன வயசில மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து வாதக் காய்ச்சல் எண்டு கண்டுபிடிச்சு மாசா மாசம் பென்சிலின் ஊசி போட்டு வந்தவ. தொண்டையில வாற ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமிக்கு உடம்பு காட்டுற எதிர்ப்பு இதயத்து வால்வையும் சேர்த்து அடிக்கிறதாலதான் இந்த ஊசி, வால்வில பழுது விழுந்த ஆக்களுக்கு 40 வயசு வரைக்குமாவது, சிலருக்கு சாகும் வரைக்கும் போட வேணும். ஆனா 2007ல சண்டை வந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கில இருக்கிற படுவான்கரைச் சனம் எல்லாம் ஆத்தைக் கடந்து கிழக்கில எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்த நேரம் இவவின்ட ஊசியும் நிண்டு போச்சு, கிளினிக் கொப்பியும் துலைஞ்சு போச்சு, மறுகா ஊருக்குத் திரும்பி வீடு வாசலைப் பாத்து கலியாணம் கட்டிப் பிள்ளை பெறுற ஓட்டத்தில அதை ஆரும் திரும்பத் தொடங்கேல்ல.

ரெண்டாவது பிள்ளை வயித்தில இருக்கக்குள்ளதான் மூச்சு வாங்கத் தொடங்கினது. எக்கோவில, அதாவது இதய ஸ்கானில, மைட்ரல் வால்வு (இதயத்தின்ட இடப்பக்க ரெண்டு அறைக்கும் நடுவில இருக்கிற கதவு) சுருங்கியும் இருக்கு, ஒழுகவும் செய்யுது எண்டு வந்தது. பலூன் போட்டு விரிக்கிற நிலைமையைத் தாண்டிட்டு, கல்சியம் படிஞ்சிருந்தது. அப்ப வால்வு மாத்த வேணும் எண்டு கொழும்பில ஒரு ஆஸ்பத்திரியில பேர் பதிஞ்சாங்க.

காத்திருந்த காலம் ஒரு வருசத்துக்கு மேல. அந்தக் காலத்தில எடுத்த ரெத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபின் 10.2. உலக சுகாதார நிறுவனத்தின்ட கணக்குப்படி கர்ப்பமில்லாத பொம்பிளைக்கு 12க்குக் கீழ போனாலே ரெத்தச்சோகை. ஆனா எங்கட ஊரில 10 எண்டா "பரவாயில்ல, கொஞ்சம் குறைவு" எண்டு விட்டுடுற பழக்கம் எல்லா இடத்திலயும் இருக்கு, ஃபெரிட்டின் பாத்து இரும்புச்சத்து எவ்வளவு கிடக்கு எண்டு ஒருத்தரும் தேடேல்ல. திடீரெண்டு ஒரு நாள் கோல் வந்தது, "நாளண்டைக்கு வந்து எட்மிட் ஆகுங்க" எண்டு. அந்த நேரத்தில இரும்பு ஏத்திக்கொண்டிருக்க நேரம் எங்க, வந்த டேட்டை விட்டா அடுத்தது எப்ப எண்டு தெரியாது, இரவு பஸ்ஸில ஏறிப் போனாங்க.

ஒப்பரேஷன்

உலோக வால்வு போட்டாங்க, ரெண்டு கதவு உள்ள வகை. ஒப்பரேஷன் நல்லபடி முடிஞ்சது.

ஆனா ஒரு விசயம் விளங்கிக்கொள்ள வேணும். இதய நுரையீரல் மெஷினில ஆளைப் போடக்குள்ள அந்தக் குழாய்களை நிரப்ப ஒரு லீட்டருக்கு மேல திரவம் தேவைப்படும். 44 கிலோ ஆளின்ட உடம்பில மொத்த ரெத்தமே 3 லீட்டர் கணக்குத்தான். அந்த 3 லீட்டருக்குள்ள இது போய்க் கலந்தா ரெத்தம் எவ்வளவு தண்ணியாகும் எண்டு யோசிச்சுப் பாருங்க. பெரிய உடம்புக்காரர் 14 ஓட போறதும் சின்ன உடம்புக்காரி 10 ஓட போறதும் ஒண்டில்ல. ஒப்பரேஷனுக்கு முதல் ரெத்தம் குறைவா இருக்கிறவங்களுக்கு கூட ரெத்தம் ஏத்த வேண்டி வாறதும், சிறுநீரகம் பாதிக்கப்படுறதும், வாட்டில கூட நாள் கிடக்கிறதும் பல நாட்டு ஆய்வுகளில திரும்பத் திரும்பக் கண்ட விசயம். இவவுக்கு ரெண்டு பைக்கற் ரெத்தம் ஏத்தினாங்க, சிறுநீரகம் தப்பிட்டு, வீட்ட விடக்குள்ள ஹீமோகுளோபின் 9.1. துண்டில வார்ஃபரின், ஐஎன்ஆர் 2.5 இலயிருந்து 3.5 க்குள்ள வச்சிருக்கவும், இரும்புக் குளிசை ஒரு நாளைக்கு ஒண்டு எண்டு எழுதியிருந்தது. அந்த 9.1 ஐப் பத்தியோ அடுத்து எப்ப பாக்க வேணும் எண்டோ ஒரு வரியும் இல்ல.

வீட்டில நடந்தது

முதல் மாசம் ஓரளவுக்குப் போச்சு. ஐஎன்ஆர் முதல் தடவை 2.8, அடுத்தது 2.6. நாங்களும் சந்தோசப்பட்டம்.

ஆறாம் கிழமைக்குப் பிறகுதான் ஆள் கீழ போகத் தொடங்கினது. வாசல் கூட்ட ஏலாது, கிணத்தடிக்குப் போய் வந்தா நெஞ்சு படபடக்கும், படுத்தா கொஞ்சம் நல்லம், ஒழும்பினா தலை சுத்தும். ஒப்பரேஷனுக்குப் பிறகு நடக்கச் சொன்ன நடை, மூச்சுப் பயிற்சி எல்லாத்தையும் நிப்பாட்டிட்டா. நெஞ்சுக் காயத்தின்ட கீழ் நுனி ஆறாம ஈரமாவே கிடந்தது. வீட்டில எல்லாரும் சொன்னது ஒண்டுதான், "நெஞ்சைப் பிளந்து செஞ்ச உடம்புகா, ஆறு மாசம் செல்லும்."

மாமி நல்ல மனுசி, மருமகளுக்கு ரெத்தம் ஊற வேணும் எண்டு நாள் தவறாம முருங்கை இலை சுண்டினா, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி எண்டு மூண்டு நேரமும் ஏதாவது ஒரு இலை. இரும்புக் குளிசையைச் சாப்பாட்டோட குடுத்து கையோட ஒரு பிளேன்டியும் குடுப்பா. குளிசை குடிச்சா வயித்தால கறுப்பாப் போகுது, மலம் இறுகுது எண்டு இவ ஒரு மாசத்தில அதை நிப்பாட்டிட்டா, ஆருக்கும் சொல்லேல்ல.

கிளினிக்கில கண்டது

ஒன்பதாம் கிழமை மண்முனைப் பாலத்தால ஆட்டோவில வந்து இறங்கக்குள்ளயே முகம் வெளிறிக் கிடந்தது. கண் இமைக்குக் கீழ பாத்தா வெள்ளைத் தாள். நாடி 110, ரத்த அழுத்தம் 100க்கு 60, காய்ச்சல் இல்ல, கால் வீக்கம் இல்ல. ஐஎன்ஆர் 1.7. ஹீமோகுளோபின் 7.4.

இந்த ரெண்டு நம்பரும் ஒண்டா வந்ததுதான் பயமா இருந்தது. மைட்ரல் இடத்தில உலோக வால்வு, ஒப்பரேஷன் செஞ்சு மூண்டு மாசம் கூட ஆகேல்ல, ஐஎன்ஆர் 1.7 எண்டா வால்வில ரெத்தக்கட்டி பிடிக்கலாம், அதின்ட முதல் அறிகுறியும் மூச்சு வாங்கிறதுதான். ஒரே முறைப்பாடு, காரணம் ரெண்டு, ஒண்டு ஆளைக் களைக்க வைக்கிறது மற்றது ஆளைக் கொல்லுறது. அண்டைக்கே வாட்டில எட்மிட் பண்ணினாங்க.

எக்கோவில வால்வுக்குக் குறுக்கால அழுத்த வித்தியாசம் சராசரி 9 மில்லிமீட்டர் பாதரசம். இந்த வகை வால்வுக்கு 5க்குள்ள நிக்க வேணும். கட்டிதான் எண்டு அண்டைக்கே முடிவெடுத்திருந்தா கட்டி கரைக்கிற மருந்து, திரும்பவும் கொழும்பு, சிலவேளை ரெண்டாவது ஒப்பரேஷன் எண்டு கதை வேற பக்கம் போயிருக்கும். பெரிய டொக்டர் அவசரப்படேல்ல. இதயம் வேகமா அடிக்கக்குள்ள மைட்ரல் வால்வு திறந்து நிக்கிற நேரம் குறையும், ரெத்தம் தண்ணியா இருக்கிறதால இதயம் கூட அளவை அடிச்சுத் தள்ளவும் வேணும், குறைஞ்ச நேரத்தில கூடின ரெத்தம் போனா நல்ல வால்விலயும் அழுத்தம் ஏறும் எண்டு எங்களுக்கு விளங்கப்படுத்தினார். எக்கோவில மற்ற அளவுகள் சரியா இருந்தது, எக்ஸ்றே வீடியோவில பாத்தா ரெண்டு கதவும் முழுசாத் திறந்து மூடுது, ஸ்டெதஸ்கோப்பில கிளிக் சத்தம் தெளிவு. புருசனும் சொன்னார், இரவில பக்கத்தில படுத்தா மணிக்கூடு மாதிரிக் கேக்கும், இப்பவும் அப்பிடியே கேக்குது எண்டு. வால்வு வச்சிருக்கிற ஆக்கள்ட வீட்டில இதைத் தெரிஞ்சு வச்சிருக்க வேணும், அந்தச் சத்தம் மந்தமானா, இல்லாமப் போனா நேரா ஆஸ்பத்திரிதான்.

ரெத்தம் எங்க போச்சு

அடுத்த கேள்வி இது. வால்வு மாத்தின ஆளுக்கு ரெத்தம் குறையப் பல வழி இருக்கு. வால்வைச் சுத்தி ஒழுகினா சிவப்பணு அடிபட்டு உடையும், வால்வில கிருமி பிடிச்சாலும் குறையும், வார்ஃபரினால குடலில கசியலாம், பரம்பரையா வாற ரெத்த நோயான தலசீமியாவின்ட காவியாவும் இருக்கலாம், இலங்கையில அது கன பேருக்கு இருக்கு.

ரெத்தப் படத்தில சிவப்பணு சின்னது, வெளிறினது, உடைஞ்ச துண்டுகள் இல்ல. சிவப்பணு உடைஞ்சா கூடுற எல்டிஎச் கொஞ்சம் கூட, ஆனா உலோக வால்வு போட்டவங்களுக்கு அவ்வளவு இருக்கும், பிலிருபின் சரி, எக்கோவில ஒழுக்கு இல்ல. உடம்பில அழற்சியைக் காட்டுற சிஆர்பி சரி, ரெத்தக் கல்ச்சரில ஒண்டும் வளரேல்ல. மலப் பரிசோதனையிலயும் ரெத்தம் இல்ல. அந்தக் கறுப்பு நிறம் குளிசையால வந்தது. இதை எல்லாரும் கவனிக்க வேணும், இரும்பால வாற கறுப்பு காய்ஞ்சு கட்டியா இருக்கும், குடலில ரெத்தம் போனா தார் மாதிரி ஒட்டும், நாத்தமும் வேற, அப்பிடி எண்டா அண்டைக்கே வர வேணும். ஃபெரிட்டின் வந்தது 9. ஒப்பரேஷனுக்குப் பிறகு உடம்பில அழற்சி இருந்தா ஃபெரிட்டின் பொய்யாக் கூடிக் காட்டும், அப்பிடியிருந்தும் 9 எண்டா இரும்புப் பெட்டகம் காலி.

சரி, காலியானது எப்பிடி? வாட்டு ரவுண்டில மூண்டு நாலு பேர் நிண்டு "எங்கயாவது ரெத்தம் போகுதா?" எண்டு கேட்டதுக்கு ஒவ்வொரு தரமும் இல்லை எண்டு தலையாட்டினா. எல்லாரும் ஆம்பிளைகள், சுத்தி மற்றக் கட்டிலாக்கள், புருசனும் பக்கத்தில. நான் பின்னேரம் திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில இருந்து கேட்டன், "தங்கச்சி, மாசம் வாறது எப்பிடி இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. "ஒப்பரேஷனுக்குப் பிறகு கூடத்தான் மிஸ்ஸி. ஒன்பது நாள் பத்து நாள் நிக்காது. கட்டி கட்டியாப் போகும். ராவில பாயெல்லாம் நனையும். ரெத்தம் கரையிற மருந்துதானே, அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சன்."

பேட் வாங்கக் காசு பத்தாது, 2022க்குப் பிறகு விலை போன போக்குக்கு, அதால பழைய சீலைத் துணிதான் பாவிச்சிருக்கா. வயித்து வலிக்குப் பாமசியில மெஃபனமிக் அசிட் வாங்கிக் குடிச்சிருக்கா, வார்ஃபரினோட குடிக்கக் கூடாத குளிசை, அது வயித்துப் புண்ணையும் ரெத்தப்போக்கையும் கூட்டும். முதல்லயே குறைஞ்ச இரும்பு, மெஷினில போனது, ஒப்பரேஷனில போனது, அதுக்கு மேல ரெண்டு மாசம் இந்தப் போக்கு, குளிசையும் நிப்பாட்டினது. கணக்குச் சரியா வந்தது.

ஐஎன்ஆர் இறங்கினதுக்கு மாமிதான் பதில் சொன்னா. "ரெத்தம் ஊறட்டும் எண்டுதானே மனே நான் நாளாந்தம் இலை ஆக்கிக் குடுக்கன், அதுவுமா பிழை?" முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாத்திலயும் விட்டமின் கே நிறைய, வார்ஃபரின் அதை மறிச்சுத்தான் வேலை செய்யுது, இலை கூடினா மருந்து தோத்துப் போகும். மாமியின்ட கண் கலங்கிட்டு. அவவை ஒருத்தரும் குறை சொல்லேல்ல, சொல்லவும் கூடாது, ரெத்தம் குறைவு எண்டா கீரை சாப்பிடுங்க எண்டு சொல்லிக் குடுத்ததே நாங்கதானே.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ரெத்தம் ஏத்துறதா இல்லையா எண்டதுதான் முதல் பேச்சு. 2017ல வந்த ட்ரிக்ஸ் 3 எண்ட பெரிய ஆய்வில, இதய ஒப்பரேஷன் நேரத்தில ஹீமோகுளோபின் 7.5க்குக் கீழ போனா மட்டும் ரெத்தம் ஏத்துறது, தாராளமா ஏத்துறதை விட மோசமில்ல எண்டு கண்டாங்க. இவ ஒப்பரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் தாண்டின ஆள், அந்த நம்பர் அப்பிடியே பொருந்தாது. இரும்பு மட்டும் ஏத்தினா ஹீமோகுளோபின் எழும்பக் கிழமைக்கணக்கு செல்லும். ஆனா வார்ஃபரினால ஐஎன்ஆர் ஏறும் வரைக்கும் வால்வில கட்டி பிடிக்காம ஈனொக்சபரின் ஊசியும் குடுக்க வேணும், அடுத்த மாசப்போக்குக்கு ஒரு கிழமைதான் இருக்கு. ரெண்டும் ஒண்டா வந்தா 7.4 எங்க போய் நிக்கும்? அதால ஒரே ஒரு பைக்கற், 4 மணித்தியாலத்தில மெதுவா, நுரையீரலில நீர் கட்டாம ஃப்ருசமைட்டோட. நான் பாத்த அளவில இதுதான் இந்தக் கேஸின்ட நல்ல முடிவு, நம்பரை மட்டும் பாக்காம வரப்போற கிழமையைப் பாத்து எடுத்தது.

மற்றது இரும்பு. நிறையை 15க்கும் உள்ள ஹீமோகுளோபினுக்கும் உள்ள வித்தியாசத்தால பெருக்கி, அதை 2.4 ஆல பெருக்கி, சேமிப்புக்கு 500 கூட்டினா 1,300 மில்லிகிராம் வருது. ஒரு பைக்கற் ரெத்தத்திலயே 200க்கு மேல இரும்பு இருக்கு. மிச்சத்துக்கு அயன் சுக்ரோஸ் 200 மில்லிகிராம் சேலைனில கலந்து ஒண்டுவிட்ட ஒரு நாள், ஐஞ்சு தரம். குளிசையிலயே விடாததுக்குக் காரணம், பெரிய ஒப்பரேஷனுக்குப் பிறகு உடம்பு ஹெப்சிடின் எண்ட பொருளைக் கூட்டிக் குடல் கதவைச் சாத்தி வச்சிடும், பிளேன்டியும் சேர்ந்தா சொல்லத் தேவையில்ல. சதையில இரும்பு ஊசி போடுறது வார்ஃபரின் ஆளுக்கு ஆகாது, உள்ளுக்க ரெத்தம் கட்டும். அதே காரணத்துக்காக நிண்டு போன பென்சிலினையும் ஊசியா இல்லாமக் குளிசையாத் தொடங்கினாங்க, வால்வு மாத்தினாலும் அது தேவை.

மாசப்போக்குக்குப் பெண் நோய் நிபுணரிட்டக் காட்டினம். ஸ்கானில கட்டி ஒண்டும் இல்ல. உறைஞ்ச ரெத்தம் கரையாமத் தடுக்கிற டிரனெக்சாமிக் அசிட் உலோக வால்வுக்காரிக்குக் குடுக்கப் பயம், ஈஸ்ட்ரஜன் உள்ள குளிசை ஆகவே ஆகாது. கர்ப்பப்பையில வைக்கிற, போக்கைக் குறைச்சுக் கர்ப்பத்தையும் தடுக்கிற லெவனோஜெஸ்ட்ரல் ஹோர்மோன் உள்ள லூப் போடுறது எண்டு முடிவு. இவ முதல்ல மறுத்தா, "ஊரில என்ன சொல்லுவாங்க, இன்னும் வயசிருக்கு" எண்டு. வார்ஃபரினோட கர்ப்பம் தங்கினா பிள்ளையின்ட வளர்ச்சிக்கும் ஆபத்து, தாயின்ட வால்வுக்கும் ஆபத்து எண்டு புருசனையும் இருத்தி விளங்கப்படுத்தினம். அந்த மனுசன் சொன்னார், "எனக்கு ஆள் இருந்தாக் காணும் மிஸ்ஸி." லூப்பை வெளியில வாங்க வேண்டி வந்தது, குடும்பம் காசு புரட்டினாங்க. வார்ஃபரினை நிப்பாட்டாம, ஐஎன்ஆர் 2.6ல வச்சே போட்டாங்க.

சாப்பாட்டைப் பத்தி மாமியோடதான் கூடக் கதைச்சது. இலையை விடச் சொல்லேல்ல. கிழமையில ரெண்டு நாள், ஒரே நாள்களில, ஒரு அகப்பை, கூடவும் வேணாம் குறையவும் வேணாம். மிச்ச நாளில மீன், நெத்தலி, முட்டை, கௌபி, பயறு, கூடத் தேசிக்காய்ப் புளி. பிளேன்டி சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு.

பிறகு

ஆறாம் நாள் வீட்ட விட்டம், இரும்பு ஊசியின்ட மிச்சத்துக்குக் கிளினிக்குக்கு வந்து போனா.

நாலாம் கிழமை ஹீமோகுளோபின் 9.8, எட்டாம் கிழமை 11.2, மூண்டாம் மாசம் 12.1. நெஞ்சுக் காயம் மூண்டு கிழமைக்குள்ள காய்ஞ்சது. 6 நிமிச நடையில முதல் 230 மீட்டர் நடந்தவ பிறகு 390 நடந்தா. எனக்கு மறக்காத நம்பர் எக்கோவிலதான், மருந்து குடுத்து வால்வில ஒண்டும் செய்யாமலே அழுத்த வித்தியாசம் 9 இலயிருந்து 4க்கு வந்தது, நாடி 78. அதே வால்வு, அதே கதவு, ரெத்தம் மட்டும்தான் மாறினது.

எல்லாம் நேர்கோட்டில போகேல்ல. வீட்ட போய் ரெண்டாம் கிழமை ஐஎன்ஆர் 4.6க்கு ஏறிட்டு. விசாரிச்சா, சொந்தக்காரர் ஒருத்தர் வந்து "வார்ஃபரினுக்குக் கீரை நஞ்சு" எண்டு சொல்லிட்டுப் போக, பயத்தில ஒரு இலை கூடக் கையால தொடாம நிப்பாட்டியிருக்காங்க, நாங்க கூட்டின வார்ஃபரின் அளவும் அப்பிடியே. ரெத்தக் கசிவு ஒண்டும் இல்ல, ஒரு நேர மருந்தை விட்டு அளவைக் குறைச்சு அடுத்த கிழமை 3.1. லூப் போட்டு முதல் ரெண்டு மாசம் துளித்துளியாப் பட்டுக்கொண்டிருந்தது, கழட்டித் தாங்க எண்டு ரெண்டு தரம் கேட்டா, மிட்வைஃப் வீட்ட போய்ப் போய்க் கதைச்சு ஆளைத் தேத்தினா. நாலாம் மாசம் போக்கு மூண்டு நாளுக்குள்ள வந்தது. இப்படியான கேஸில டொக்டரின்ட வேலையில பாதியை ஊர் மிட்வைஃப்தான் செய்யிறா, அதை எங்கயும் ஆரும் எழுதுறதில்ல.

இனி எப்படிச் செய்யிறது

வால்வு ஒப்பரேஷனுக்குப் பேர் பதியிற அண்டைக்கே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாக்க வேணும். கோல் வந்த பிறகு பாத்து பிரயோசனம் இல்ல, காத்திருக்கிற மாசங்கள்தான் இரும்பு ஏத்துற மாசங்கள். எங்கட பக்கம் இப்ப காத்திருக்கிற ஆக்களின்ட பட்டியலை எடுத்து ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுப் பாக்கத் தொடங்கியிருக்கம்.

வார்ஃபரின் குடிக்கிற, மாசம் வாற வயசுப் பொம்பிளை எல்லாரிட்டயும் எத்தனை நாள், எத்தனை துணி, கட்டி போகுதா எண்டு ஒவ்வொரு வருகையிலயும் கேக்கிறம், பொம்பிளை ஒருத்தர், திரைக்கு உள்ள, புருசன் இல்லாம. கேட்டுப் பாத்தா இவ மட்டும் இல்ல. ஐஎன்ஆர் கொப்பியில பக்கத்தில ஹீமோகுளோபினுக்கு ஒரு கோடு அடிச்சிருக்கம், ஒப்பரேஷன் முடிஞ்சு வந்தவங்களுக்கு முதல் மூண்டு மாசம் மாசா மாசம். வலிக்கு பரசிட்டமோல் மட்டும் எண்டு அட்டையில சிவப்பு மையால எழுதிக் குடுக்கிறம், பாமசியிலயும் காட்டச் சொல்லுறம். சமைக்கிறவவையும் கூட்டிக்கொண்டு வாங்க எண்டு சொல்லுறம், குளிசை குடிக்கிறது ஒருத்தர், அளந்து போடுறது இன்னொருத்தர்.

இவவுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சம். தலசீமியாவுக்கான எச்பிஎல்சி முதல் தரம் சரியாத்தான் வந்தது, ஆனா இரும்பு இல்லாத நேரம் அந்தப் பரிசோதனை காவியை மறைச்சு விடலாம், அதால இப்ப இரும்பு நிரம்பின பிறகு திரும்ப அனுப்பியிருக்கம். ஃபெரிட்டின் கடைசியாப் பாத்தது 68, ஆறு மாசத்தால மறுகாப் பாப்பம்.